தம்பிக்காகச் சாத்திய வெள்ளிப் பாதம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், தம்பியோடு வண்டி ஓட்டிய நண்பர்களுக்கும், தம்பியின் ஒரே அக்கா எழுதிக்கொள்வது. தம்பி போய் இன்றோடு ஒரு வருடம் நிறைகிறது. வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டு, போகும்போது இதையும் எடுத்துப்போய், வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். படிக்க வராதவர்கள் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது.

நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். பிள்ளைகள் எழுதித் தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன். என் தம்பியைப் பற்றி எழுத எனக்கு இன்னொருவர் கை தேவையில்லை. அச்சகத்துக்காரர் பிழைகளை மட்டும் திருத்தினார். தம்பியை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை என்றும் சொன்னார். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையை அப்படி எழுதக் கை வரவில்லை. ஆனாலும் ஊர் மதித்த மனிதர். அதனால் எழுதியிருக்கிறேன்.

தம்பி பிறந்தது தொரப்பள்ளிக்குப் பக்கத்தில், எங்கள் அப்பா கல் உடைக்கப் போயிருந்த இடத்தில். அப்பா கருங்கல் குவாரியில் கூலி. தம்பி தவழ்ந்துகொண்டிருந்தபோது அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அன்றைக்கு நின்றதுதான் என் பள்ளிக்கூடம். தம்பிக்கு நடை பழக்கியது நான். அந்தப் பாதங்கள் இரண்டும் என் உள்ளங்கையில் அடங்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் எல்லாம் அந்தப் பாதத்தில்தான் வந்து நிற்கிறது.

என்னை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அதனால் தம்பியை விட்டுப் பிரிந்ததில்லை. ஓசூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து பூ விற்றேன். பெங்களூரிலிருந்து வாங்க வருகிறவர்கள் கன்னடம் பேசுவார்கள், பாதிப் பேர் தெலுங்கு பேசுவார்கள். பேரம் பேசிப் பேசி இரண்டும் எனக்கு வந்துவிட்டது. என்னைக் கன்னடத்தில் யாரும் ஏமாற்ற முடியாது. இதையும் ஒரு காரணத்துக்காகத்தான் எழுதுகிறேன். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி மீசை முளைக்கும் முன்பே காய்கறி லாரியில் கிளீனராகப் போனார். தொழிற்பேட்டை வந்த புதிதில், கேழ்வரகு விளைந்த நிலமெல்லாம் காம்பவுண்டு சுவராக மாறிக்கொண்டிருந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் கம்பெனியில் வேலை கேட்டு வாசலில் நின்றார்கள். எங்களுக்கு நிலமும் இல்லை, நிற்க வாசலும் இல்லை. தம்பி லைசென்ஸ் எடுத்தார். கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றும் டிரான்ஸ்போர்ட் ஒன்றில் டிரைவராகச் சேர்ந்தார். இரும்புச் சாமான் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கும் மெட்ராசுக்கும் போய் வருவார். கணக்கில் வராத சரக்கை ஏற்ற மாட்டார். எல்லையில் செக்போஸ்ட் இருக்கிறது. அதில் நிற்க இஷ்டமில்லாத வண்டிகள் பாகலூர் பக்கம் சுற்றிக்கொண்டு போகும். தம்பி வண்டி எப்போதும் செக்போஸ்டில் வரிசையில் நிற்கும். கூட ஓட்டுகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். "நீ அரிச்சந்திரன் வீட்டு மாப்ளடா" என்பார்கள். தம்பி சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுப்பார்.

பொறுமை என்றால் அவ்வளவு பொறுமை. ஒரு தடவை சாயங்காலம் சானமாவு காட்டுப் பக்கம் யானைகள் ரோட்டுக்கு வந்துவிட்டன. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். தம்பி இறங்கிப் போய் ஒவ்வொரு வண்டியாக ஆரனை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். யானைகளும் வீட்டுக்குப் போக வேண்டாமா என்று எங்களிடம் கேட்டார். அப்படிப்பட்ட மனிதர்.

வண்டிக்குள் தம்பி செருப்புப் போட்டதில்லை. பல டிரைவர்களும் அப்படித்தான். சாமி படம் இருக்கிற இடம், சோறு போடுகிற இடம். செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் ஏறுவார். அத்தனை வருடமும் வெறும் வலது காலால் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

சரோஜாவைக் கட்டிக்கொண்டது ஆனேக்கல் பக்கம், எல்லைக்கு அந்தப் பக்கம். அவர்கள் வீட்டில் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார்கள். பெண் எடுக்க இங்கே ஆளில்லையா என்று எங்கள் சொந்தத்தில் சிலர் அப்போதே முகத்தைத் திருப்பினார்கள். அந்தக் குடும்பம் எப்படிப்பட்டது என்று காவிரித் தகராறு வந்த சமயத்தில் தெரிந்தது. தம்பி அந்தப் பக்கம் வண்டியோடு மாட்டிக்கொண்டார். சரோஜாவின் அப்பா தமிழ்நாட்டு நம்பர் போட்ட லாரியைத் தன் வைக்கோல் போருக்குப் பின்னால் நிறுத்தச் சொல்லி, வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்துகொண்டார். கேட்டு வந்தவர்களிடம் உள்ளே இருப்பது என் மகன் என்றாராம். தம்பி முழு உடம்போடு திரும்பி வந்தார். இதை மறந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

தம்பிக்கு மரியாதை போட்டு எழுதுகிறவள் சரோஜாவை 'அவள்' என்கிறாளே என்று யாரும் கேட்க வேண்டாம். அவள் உயிரோடு என் எதிரில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருக்கிறாள். நான் 'அவர்' என்றால் அவளே சிரிப்பாள்.

காவிரித் தகராறுக்கு அடுத்த வருடம் ஒரு நாள் காலையில் சரோஜா என்னைக் கூப்பிட்டு சிமெண்டுத் தரையைக் காட்டினாள். தம்பி நடந்து போன இடத்தில் வலது கால் பட்ட இடமெல்லாம் காசு அளவுக்கு ஈரம். இடது காலுக்கு ஒன்றும் இல்லை. தம்பியை உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தோம். பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் மேட்டில் ஒரு கறுப்பு. ஓரம் தெளிவாக இல்லாமல், மை கொட்டிப் பரவியதுபோல் இருந்தது. நடுவில் தோல் கசிந்திருந்தது.

அந்தக் கறுப்பு புதிதல்ல. ரொம்ப நாளாக இருந்தது. எல்லோருக்கும் தெரியும். ஆக்சிலேட்டர் மிதித்து மிதித்துக் கறுத்தது என்றுதான் தம்பி நினைத்தார், அவரோடு ஓட்டியவர்களும் நினைத்தார்கள். டிரைவர்களுக்குள் அது ஒரு பெருமை. "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எங்களுக்கெல்லாம் காகிதத்துல முத்திர குத்துனான், இவனுக்குக் கால்லயே குத்திட்டான்" என்று சொல்லிச் சிரிப்பார்கள். தம்பியும் காலைத் தூக்கிக் காட்டுவார். உழைத்த காலில் கறுப்பு இருந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? கசிய ஆரம்பித்த பிறகும் கால் ஆணி என்று நினைத்து மருந்துக்கடையில் பிளாஸ்திரி வாங்கி ஒட்டிக்கொண்டார்.

சரோஜா விடவில்லை. டாக்டரிடம் காட்டும் வரை சோறு போட மாட்டேன் என்று அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓசூரில் ஒரு டாக்டர் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது. பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதித்து, இது தோலின் கறுப்பு நிறத்திலிருந்து வருகிற கேன்சர், மெலனோமா என்று பெயர் என்றார்கள். அந்தப் பெயரைச் சரோஜா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். இப்போதும் தப்பில்லாமல் சொல்வேன். பாதத்தில் அந்த இடத்தை ஆழமாக எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்ட வேண்டும் என்றார்கள். கூடவே தொடை இடுக்கில் இருக்கிற நெறிக்கட்டியையும் எடுத்துச் சோதிப்போம் என்றார்கள். காலில் முள் குத்திப் புண்ணானால் இடுக்கில் நெறி கட்டும், நமக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதுபோல இந்த நோய் காலை விட்டுக் கிளம்பினால் முதலில் அங்கேதான் போய் உட்காரும், அதில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் பரவியதா என்று தெரியும். பெரிய டாக்டரம்மா கன்னடத்தில் சொன்னது இதுதான்.

ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டது சரோஜா. போடும் முன் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். தம்பியும் போடு என்றார்.

ரிசல்ட் வாங்கப் போன அன்று தம்பி, சரோஜா, நான் மூன்று பேரும் டாக்டரம்மாவின் மேசைக்கு எதிரில் நின்றோம். நெறிக்கட்டியில் நோய் இல்லை என்றார். நான் பூக்காரி. முதல் தடவை சொல்கிற விலையை நம்ப மாட்டேன். மறுபடியும் கேட்டேன். இல்லை அம்மா, சுத்தமாக இருக்கிறது என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். ஆனாலும் வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், திரும்ப வரவே வராது என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். அதையும் மூன்று பேரும் கேட்டோம். ஆனால் காது முதலில் கேட்டதையே பிடித்துக்கொண்டது. இரண்டாவதாகச் சொன்னது எங்கேயோ ஓரமாகப் போய் நின்றுவிட்டது.

சரோஜா அந்த வராந்தாவிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி ஊன்றுகோலோடு நின்று, பசிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஓட்டலில் மசால் தோசை வாங்கினோம். தம்பி ஒன்று தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். அவர் அப்படிச் சாப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டியிருந்தோம். உடம்பில் எந்த இடத்தில் நோவோ அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கிச் சாத்துவது நம் வழக்கம். கடையில் கண், கை, கால் எல்லாம் தனித்தனியாகத் தொங்கும். தலை முதல் கால் வரை முழு ஆள் உருவும் உண்டு. கடைக்காரர் கால் போதுமா, ஆள் உரு வேண்டுமா என்று கேட்டார். சரோஜா ஆள் உருவே வாங்கலாம் என்றாள். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை.

"கால்லதான வந்துச்சி, கால் போதும். முழு ஆளக் குடுத்தா, இவன் பேராசக்காரன்னு அம்மன் நெனச்சிக்கப் போறா."

கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தோம். ஒரு பாதம் வாங்கிச் சாத்தினோம். பூசாரி அதைக் கயிற்றில் கோத்து அம்மன் பக்கத்தில் தொங்கவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் தம்பி நன்றாக இருந்தார். தவறாமல் பெங்களூர் போய்க் காட்டினார். ஒரு தடவைகூட விடவில்லை. சரோஜா விட மாட்டாள். டிரான்ஸ்போர்ட் முதலாளி பெருந்தன்மையாக, ஓட்ட வேண்டாம், யார்டில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்பு என்று வேலை மாற்றிக் கொடுத்தார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தம்பி தினமும் வீட்டில் சாப்பிட்டார். மகளையும் மகனையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். லேசாக நொண்டுவார், அவ்வளவுதான். ஒட்டிய தோல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. உள்ளங்கால் பார்க்கப் பளபளவென்று இருக்கும்.

பிறகு வறட்டு இருமல் வந்தது. யார்டு தூசி என்று நினைத்தோம். உடம்பு இளைத்தது. விலாவுக்குப் பக்கத்தில் தோலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு போல ஒன்று தட்டுப்பட்டது. கண்டுபிடித்தது இந்தத் தடவையும் சரோஜாதான். முறைப்படி காட்டப் போகிற நாளுக்குக் காத்திராமல் உடனே கூட்டிப்போனாள். நானும் போனேன். படம் எடுத்தார்கள். நுரையீரலில் இருக்கிறது, கல்லீரலிலும் இருக்கிறது, அதே நோய்தான் என்றார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இன்றைக்கும் புரியவில்லை. தம்பியின் வலது காலைத் தூக்கி டாக்டரம்மாவுக்குக் காட்டினேன். இதில் ஒன்றும் இல்லையே, நல்லா இருக்கே என்றேன். ஆமாம், காலில் இல்லை என்றார். இடுக்கில்? அங்கேயும் இல்லை என்றார். அப்படியானால் இவ்வளவு நாள் அது எங்கே இருந்தது, எந்த வழியாக மேலே போனது என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத அளவில் அன்றைக்கே ரத்தத்தில் கலந்து போயிருக்கலாம், போன இடத்தில் உறங்கிக் கிடந்திருக்கலாம், நெறிக்கட்டி வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்றார். அப்படியென்றால் இல்லை என்று ஏன் சொன்னீர்கள் என்றேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நெறிக்கட்டியில் இல்லை என்று அன்றைக்குச் சொன்னதும் உண்மை, இன்றைக்குச் சொல்வதும் உண்மை என்றார்.

இரண்டும் உண்மை என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது? மார்க்கெட்டில் கூடையைக் கவிழ்த்துக் காட்டினால், கூடையில் பூ இல்லை என்று சொல்லலாம். பூவே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும் என்று ஒரு சமயம் தோன்றும். ஆனால் அவர்கள் கூடையைத்தானே காட்டினார்கள், பூவைப் பற்றி எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றார்களே என்று இன்னொரு சமயம் தோன்றும். மறுபடியும் முதலில் இருந்து யோசிப்பேன்.

கத்தி பட்டதால்தான் பரவியதா என்றும் கேட்டேன். ஊரில் அப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா தலையை ஆட்டி மறுத்தார். வெட்டியதால் பரவவில்லை, வெட்டாமல் விட்டிருந்தால் இந்த இரண்டு வருடமும் கிடைத்திருக்குமா என்பதே சந்தேகம் என்றார். இதைச் சரோஜா சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. கன்னடத்தில் என் காதாலேயே கேட்டேன்.

கடைசி மாதங்களில் தம்பி வீட்டில்தான் இருந்தார். மத்தியானத்தில் நான் போய்க் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிடுவேன். ஒரு நாள் நான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்ததைத் தம்பி கவனித்துவிட்டார்.

"என்னக்கா, யாரோட சண்ட போட்டுக்கினு இருக்கற?"

"யாரோட போட? கட்டியில இல்லன்னாங்க. அப்ப எப்பிட்றா வந்துச்சி?"

தம்பி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு சொன்னார். "செக்போஸ்ட்ல நாள் பூரா உக்காந்து பாத்துட்டு, திருட்டுச் சரக்கு ஒண்ணுகூட வர்லன்னு எழுதுவான். அவன் எழுதுனது பொய்யில்ல. அவன் கண்ணுல படல. அதுக்குள்ள அது பாகலூர் ரோட்ல ஊட்டுக்கே போயி சேந்திருக்கும்."

"வண்டின்னா அத ஓட்றதுக்கு ஒரு ஆளு இருப்பான். இந்த ரோட்ல வேணாம், அந்த ரோட்ல போலாம்னு அவன் நெனைப்பான். இத யார்றா ஓட்டிக்கினு போனது?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு இருமலும் வந்தது. "அது தெரிஞ்சா நானே லைசென்ஸக் கேட்டிருப்பனே" என்றார்.

நான் விடவில்லை. அன்றைக்கு ரிசல்ட் கேட்டு நாம் சந்தோஷப்பட்டது எல்லாம் பொய்தானே, ஏமாந்துதானே போனோம் என்றேன். தம்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அன்னிக்கித் தின்ன தோச தோசதானக்கா. அது எப்பிடிப் பொய்யாவும்?"

சரோஜா கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தம்பி பேச்சை நிறுத்திக்கொண்டு வாயைத் திறந்தார்.

தம்பி போனது ஒரு காலை நேரத்தில். என் கை அவர் வலது பாதத்தில் இருந்தது. கடைசி வரைக்கும் அந்தக் கால் நன்றாகவே இருந்தது. குளிப்பாட்டும்போது நான்தான் அதைக் கழுவினேன். ஒரு கீறல் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த வெள்ளிப் பாதத்தின் ஞாபகம் வந்தது. அம்மனிடம் கால் கேட்டோம். கால் கொடுத்தாள். சரோஜா சொன்னதுபோல் முழு ஆளைக் கேட்டிருந்தால்? பூசாரியிடம் போய்க் கேட்டேன். அம்மன் என்ன கடைக்காரியா, கேட்டதை மட்டும் நிறுத்துக் கொடுக்க என்று சத்தம் போட்டார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. பேராசை வேண்டாம் என்று தம்பி சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. டாக்டரம்மா சொன்னதும் அப்படித்தான். எல்லோரும் சரியாகச் சொல்லி, எல்லோரும் சரியாகச் செய்து, தம்பி மட்டும் இல்லை. இதை யார் எனக்குப் புரிய வைப்பார்கள் என்று தெரியவில்லை.

இனி எழுதப்போவதற்காகத்தான் நடுவில் நிறுத்தக் கூடாது என்று முதலிலேயே சொன்னேன்.

தம்பியின் காரியத்தன்று பந்தலில் ஒருவர் பேசினார். பெயர் எழுத மாட்டேன். மலரில் அவர் பெயர் வருவது தம்பிக்கு மரியாதை இல்லை. படிக்கும்போது அவருக்கே தெரியும்.

"ஆஸ்பத்திரில கன்னடத்துல சொன்னாங்களாம், இவ தமிழ்ல வந்து சொன்னாளாம். ஒண்ணும் இல்லன்னு சொன்னவ இவதான? நடுவுல எத முழுங்குனாளோ. கத்தி வெக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்ட கையும் இவளுதுதான். வருசம் கழிஞ்சாலும் பண்டிகைக்கி நம்ம வரிசையில இவ பொங்கப் பானைக்கி எடம் கெடையாது."

சரோஜாவுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். அவள் தலையைக் குனிந்துகொண்டு இலை போட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு இலை போட்டாள். அவரும் சாப்பிட்டார். அன்றைக்குத் துக்க வீட்டில் சண்டை வேண்டாம் என்று நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்கப்புறம் இந்த ஒரு வருடமாக அந்தப் பேச்சு வீடு வீடாகப் போய்வந்துவிட்டது. தீட்டு என்பதால் இதுவரை பண்டிகைக்குச் சரோஜா பானை வைக்கவில்லை. இன்றோடு வருடம் தீர்ந்தது. அடுத்த மாதம், சொந்தபந்தம் எல்லாம் கோயில் வாசலில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிற மாரியம்மன் பண்டிகை வருகிறது. என்ன செய்யட்டும் அண்ணி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடட்டுமா என்று என்னைக் கேட்டாள்.

அதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதினேன். வீட்டுக்கு வீடு போய்ச் சொல்ல எனக்குக் கால் வராது. சொன்னாலும் ஆளுக்கு ஒரு மாதிரி திருப்பிச் சொல்வார்கள். அச்சில் வந்தால் எல்லோருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரும்.

டாக்டரம்மா சொன்னதை நான் நேரில் கேட்டேன். நெறிக்கட்டியில் நோய் இல்லை என்றுதான் சொன்னார். சரோஜா ஒரு வார்த்தை கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டது அவள் கை. போடச் சொன்னது தம்பி. தலையாட்டியது நான். தரையில் ஈரத்தைப் பார்த்தது அவள். விலாவில் கட்டியைப் பார்த்தது அவள். நோய் எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கு முழுதாகத் தெரியாது, பூசாரிக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியவில்லை. இத்தனை பேருக்குத் தெரியாதது பந்தலில் பேசியவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? தெரிந்தவர் வந்து எனக்கும் சொல்லட்டும். நிஜமாகவே கேட்கிறேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இனி நன்றி சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற டிரைவர் தம்பிகளுக்கும், வேலையை மாற்றிக் கொடுத்துக் கடைசி வரை ஆள் அனுப்பி விசாரித்த முதலாளிக்கும் நன்றி. ஆஸ்பத்திரியில் எங்களுக்கு உட்கார இடம் காட்டி, வெந்நீர் பிடித்துக் கொடுத்த ஆயாம்மாவுக்கு நன்றி. அவர் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன். நான் கோபமாகக் கேட்டும் கோபிக்காமல் பதில் சொன்ன டாக்டரம்மாவுக்கு நன்றி. ஆனேக்கல் சம்பந்தி, வாசலில் கட்டில் போட்டு என் தம்பியைக் காத்தவர், வயதான காலத்தில் பஸ் ஏறி இன்றைக்கும் வந்திருக்கிறார். அவருக்கு நன்றி என்று எழுதினால் போதாது. அவர் வந்தால் எழுந்து நின்று உட்கார இடம் கொடுங்கள்.

சரோஜாவுக்கு நான் நன்றி எழுதவில்லை. அவள் எங்கள் வீட்டு ஆள்.

பண்டிகையன்று எங்கள் வரிசையில் என் அடுப்பு எப்போதும் வேப்பமரத்துப் பக்கம் இருக்கும், உங்களுக்குத் தெரியும். இந்த வருடம் விடிவதற்குள் போய் அதற்கு வலது பக்கத்தில் இன்னொரு அடுப்புக்கு மூன்று கல் வைத்துவிடுவேன். சரோஜாவின் பானை அங்கேதான் பொங்கும். அந்தக் கல்லை எடுக்க நினைப்பவர்கள் முதலில் என் கல்லை எடுக்கட்டும். வர இஷ்டம் உள்ளவர்கள் அரிசியும் வெல்லமும் கொண்டுவந்து எங்கள் இரண்டு பானைக்கும் பக்கத்தில் பானை வைக்கலாம். அம்மன் பக்கத்தில் அந்த வெள்ளிப் பாதம் தொங்குகிறது. கொஞ்சம் கறுத்திருக்கிறது. அன்றைக்குப் புளி போட்டுத் தேய்த்து வைக்கும்படி பூசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தம்பியின் அக்கா